கை கற்க வேண்டிய பாடம்: தொற்றுநோய்க் காலமும் பாவனைப் பயிற்சியும்

முன்னுரை

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நாம் தொடக்கப்பள்ளியிலிருந்தே மனனம் செய்து வந்த பழமொழி. வாக்கியத்தில் அமைத்து எழுதினால் இரண்டு மதிப்பெண் கிடைக்கும். அதற்கு மேல் அதைப் பற்றி நான் சிந்தித்ததில்லை. தாதிமைத் துறையில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஒரு பிற்பகல் பயிற்சி வகுப்பில்தான் அதன் பொருள் எனக்கு விளங்கியது.

பாதுகாப்பு உடைகளை அணிவதும் கழற்றுவதுமே அன்றைய பாடம். முந்தைய வாரம் நடந்த எழுத்துத் தேர்வில் இதே பாடத்தில் நான் முழு மதிப்பெண் பெற்றிருந்தேன். எதை முதலில் கழற்ற வேண்டும், எதைக் கடைசியில் கழற்ற வேண்டும், எப்போதெல்லாம் கைகளைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று கேட்டால் தடங்கலின்றி ஒப்பிப்பேன். பயிற்றுநர் எங்கள் கையுறைகளிலும் மேலங்கியின் முன்புறத்திலும் நிறமற்ற ஒரு களிம்பைத் தடவினார். பொம்மை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தோம், சளியை உறிஞ்சி எடுத்தோம், விரிப்பை மாற்றினோம். வெளியே வந்து உடைகளைக் கழற்றினோம். பிறகு அவர் அறை விளக்குகளை அணைத்துவிட்டுப் புறஊதா விளக்கை எங்கள்மீது காட்டினார். என் இடது மணிக்கட்டில் ஒரு கோடும், கழுத்தில் மூன்று விரல்களின் தடமும் பச்சையாக ஒளிர்ந்தன. வியர்வையில் ஒட்டிய முடியை ஒதுக்குவதற்காக என் கை எப்போது கழுத்துப் பக்கம் போனது என்று எனக்கு நினைவே இல்லை.

பயிற்றுநர் திட்டவில்லை. "இன்றைக்கு இது களிம்பு" என்று மட்டும் சொன்னார்.

தொற்றுநோய்க் காலத்தில் ஒரு சுகாதார ஊழியரைக் காப்பது அவருடைய அறிவு மட்டுமன்று, பழகிய கையும்கூட. அந்தக் கையைப் பழக்குவதற்கான வழிதான் பாவனைப் பயிற்சி. அது எப்படித் தோன்றியது, எவ்வாறு நடக்கிறது, எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்பதை நான் படித்ததிலிருந்தும் பட்டறிந்ததிலிருந்தும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாவனைப் பயிற்சி என்றால் என்ன?

உண்மையான நோயாளிக்கு எவ்விதத் தீங்கும் நேராதபடி, உண்மையைப் போன்ற ஒரு சூழலை உருவாக்கி, அதில் செய்து பழகுவதே பாவனைப் பயிற்சி. தொற்றுநோய்ப் பயிற்சிகளில் இது பெரும்பாலும் மூன்று வடிவங்களில் அமைகிறது.

முதலாவது, பொம்மையைக் கொண்டு செய்வது. மூச்சு விடும், நாடி துடிக்கும், கணினியால் இயங்கும் விலையுயர்ந்த பொம்மைகளும் உண்டு. வெறும் ரப்பர்க் கையும் உண்டு. இரண்டாவது, நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு செய்வது. நோயாளியிடம் பேசிப் பழக இதுவே ஏற்றது. மூன்றாவது, பயிற்சி அறையில் அன்றி, வேலை செய்யும் அதே வார்டில், அதே கட்டிலில், அதே குழுவினரோடு செய்வது. மனிதர்களின் தவறுகளோடு இடத்தின் தவறுகளையும் இது காட்டிக் கொடுத்துவிடும்.

வடிவம் எதுவாயினும் பயிற்சிக்கு மூன்று பகுதிகள் உண்டு: முன்விளக்கம், செய்கை, பின் கலந்துரையாடல். மூன்றாம் பகுதியைப் பலர் விட்டுவிடுவார்கள். உண்மையில் கற்றல் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. அதைப் பின்னர் விளக்குகிறேன்.

சுரைக்காயில் தொடங்கிய கல்வி

இம்முறை ஏதோ கணினி யுகத்தின் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். பண்டைய இந்திய அறுவை மருத்துவ நூலான சுசுருத சம்கிதையில் செய்முறைப் பயிற்சிக்கென்றே ஓர் அத்தியாயம் உள்ளது. நூல்களைக் கற்றவனாயினும் கையால் பழகாதவன் சிகிச்சை செய்யத் தகுதியற்றவன் என்பது அதன் சாரம். வெட்டிப் பழகப் பூசணி, சுரைக்காய், வெள்ளரி போன்ற காய்கள். இரத்தக்குழாயைக் கீறிப் பழகத் தாமரைத் தண்டு. கட்டுப் போட்டுப் பழகத் துணிப்பொம்மை என்று அந்நூல் பட்டியலிடுகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாமல் போகலாம். தோட்டத்துச் சுரைக்காய் மருத்துவனை உருவாக்கியிருக்கிறது!

இன்றைய பாவனைப் பயிற்சி விமானத்துறையிடமிருந்தும் நிறையக் கற்றிருக்கிறது. அமெரிக்காவில் இசைக்கருவித் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், ஆர்கன் என்னும் காற்றிசைக் கருவியின் துருத்திகளைக் கொண்டு 1929-இல் தரையிலேயே 'பறக்கும்' ஒரு பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். தொடக்கத்தில் அதை விளையாட்டுப் பொருளாகவே பலர் கண்டனர். 1934-இல் விமான அஞ்சல் பணியை ஏற்ற அமெரிக்க இராணுவ விமானிகள் பலர், மோசமான வானிலையில் பறந்து பழகாததால் உயிரிழந்தனர். அதன் பிறகே இராணுவம் அந்தப் பெட்டியை வாங்கியது.

1960-இல் நார்வே நாட்டு விளையாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளரான ஆஸ்முண்ட் லேர்டால், செயற்கை சுவாசம் கொடுத்துப் பழகுவதற்கான 'ரெசஸ்ஸி ஆன்' என்ற பொம்மையை வெளியிட்டார். நம்மில் பலர் பள்ளியில் முதலுதவி வகுப்பில் நெஞ்சை அழுத்திப் பழகியது அந்தப் பொம்மையின் வழிவந்த ஒன்றில்தான்.

இவற்றிலிருந்து ஒரு செய்தி தெளிவாகிறது. பயிற்சியின் அருமை பெரும்பாலும் உயிர்கள் போன பிறகே உணரப்படுகிறது. தொற்றுநோய்களிலும் அதுவே நடந்தது.

2003: விளக்கு இல்லாத காலம்

என் அத்தை சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றியவர். கழுத்தில் பச்சைத் தடம் கண்ட அன்று மாலை நான் நேராக அவர் வீட்டுக்குத்தான் போனேன். நடந்ததைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். அத்தை சிரிக்கவில்லை.

"சார்ஸ் வந்தப்ப எங்களுக்கு யாரு கண்ணு இப்படிச் சொல்லிக் கொடுத்தா? சுவத்துல ஒரு தாள் ஒட்டியிருந்துச்சு. அதப் பாத்துப் போட்டோம், அதப் பாத்துக் கழட்டினோம். உன் கழுத்துல பச்சை தெரிஞ்சதுன்னு சொல்ற. எங்களுக்கு அந்த வெளக்கு இல்ல. ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து, எங்க பட்டிருக்குமோ எங்க பட்டிருக்குமோன்னு யோசிச்சுக்கிட்டே படுப்பேன்."

தம் இரு பிள்ளைகளையும் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரண்டு மாதங்கள் தனியே இருந்தாராம். சீருடையோடு மின்தூக்கியில் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் இறங்கிக்கொள்வார்களாம்.

அக்காலத்தின் புள்ளிவிவரங்கள் அத்தையின் அச்சம் பொய்யில்லை என்று காட்டுகின்றன. ஹாங்காங் சென்று திரும்பிய ஓர் இளம்பெண் 2003 மார்ச் 1-ஆம் தேதி டான் டோக் செங் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அந்நோய்க்குப் பெயர்கூட இல்லை. மார்ச் 22-இல் அம்மருத்துவமனை சார்ஸ் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. சிங்கப்பூரில் மொத்தம் 238 பேர் நோயுற்றனர். 33 பேர் இறந்தனர். நோயுற்றவர்களில் 97 பேர், அதாவது நூற்றுக்கு 41 பேர், சுகாதார ஊழியர்கள். உலக அளவில் 8,096 பேர் நோயுற்றனர். 774 பேர் இறந்தனர். நோயுற்றோரில் ஐந்தில் ஒருவர் சுகாதார ஊழியர்.

இவர்களில் பலர் நோயுற்றதற்குக் காரணம், நோய் இன்னதென்று தெரியாத தொடக்க நாள்களில் எவ்விதப் பாதுகாப்பு உடையும் இன்றிப் பணியாற்றியதே. பயிற்சி மட்டும் இருந்திருந்தால் எல்லோரையும் காத்திருக்கலாம் என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால், நோய் தெரிந்த பிறகும், உடை அணிந்த பிறகும் தொற்று நின்றுவிடவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். 2003 ஏப்ரலில் கனடாவின் டொரொண்டோ நகரில் ஒரு சார்ஸ் நோயாளிக்குச் சுவாசக் குழாய் செருகப்பட்டது. அந்த நேரத்தையொட்டி அவரைக் கவனித்த ஊழியர்களில் ஒன்பது பேர் நோயுற்றனர். பரிந்துரைக்கப்பட்ட உடைகளை அணிந்திருந்தும் இவ்வாறு நேர்ந்தது. பின்னர் வெளியான அறிக்கை பல காரணங்களை ஆராய்ந்தது. தம்மீது கிருமி படாமல் உடையைக் கழற்றுவது எப்படி என்பது ஊழியர்கள் பலருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை என்பதும் அவற்றுள் ஒன்று.

சார்ஸுக்குப் பிறகு சிங்கப்பூர் ஒத்திகைகளில் அக்கறை காட்டியது. 2006-இல் 'ஸ்பேரோஹாக்' என்ற பெயரில் சளிக்காய்ச்சல் பெருந்தொற்றுக்கான ஒத்திகை நடத்தப்பட்டது. அத்தையும் பின்னாளில் இத்தகைய ஒத்திகைகளில் பங்கேற்றிருக்கிறார்.

கழற்றும்போதுதான் ஆபத்து

பாதுகாப்பு உடையை அணியும்போது அது சுத்தமாக இருக்கிறது. நாமும் நிதானமாக இருக்கிறோம். கழற்றும்போதோ உடையின் வெளிப்புறம் முழுவதும் கிருமி. நாமோ களைத்து, வியர்த்து, தாகத்தோடு நிற்கிறோம். 'வேலை முடிந்தது' என்ற நினைப்பு வேறு. ஆகவே, கவனம் மிகக் குறையும் நேரமும் ஆபத்து மிகும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நான்கு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. எங்கள் வகுப்பில் செய்ததைப் போலவே ஒளிரும் களிம்பைத் தடவி, கையுறையும் மேலங்கியும் கழற்றச் சொன்னார்கள். மொத்தம் 435 முறை கழற்றியதில் 200 முறை, அதாவது நூற்றுக்கு 46 முறை, தோலிலோ உடையிலோ களிம்பு பட்டது. தவறான முறையில் கழற்றியவர்களிடம் இது நூற்றுக்கு 70. சரியான முறையில் கழற்றியவர்களிடம் நூற்றுக்கு 30. பின்னர், விளக்கைக் காட்டித் தவறு நேர்ந்த இடத்தை உடனே அறியச் செய்யும் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சிக்கு முன் நூற்றுக்கு 60 ஆக இருந்த கறைபடுதல் பயிற்சிக்குப் பின் 19-க்கும் குறைவாகச் சரிந்தது. சில மாதங்கள் கழித்துச் சோதித்தபோதும் அந்தப் பயன் நிலைத்திருந்தது.

இதில் என் மனத்தில் பதிந்தது ஒன்று. சரியான முறையில் செய்தவர்களுக்கும் நூற்றுக்கு முப்பது முறை கறை பட்டிருக்கிறது! முறையை அறிவது ஒரு படி. அதைக் கறைபடாமல் செய்து முடிக்கும் அளவுக்குப் பழகுவது அடுத்த படி.

வாசகர்களே, இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். ஒருமுறை பயன்படுத்தும் கையுறைகளை இரு கைகளிலும் அணிந்து, அவற்றின்மீது சவர நுரையைத் தடவிக்கொள்ளுங்கள். பின்வருமாறு கழற்றுங்கள்:

1. வலக்கையால் இடது கையுறையின் மணிக்கட்டுப் பகுதியை வெளிப்புறமாகக் கிள்ளிப் பிடியுங்கள். தோலைத் தொடாதீர்கள்.

2. அதை உள்புறம் வெளியே வருமாறு மெல்ல உரித்தெடுங்கள். உரித்ததை வலக்கைக்குள் உருட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

3. இப்போது இடக்கை வெறுங்கை. அதன் விரலை வலது கையுறையின் விளிம்புக்கு உள்ளே, மணிக்கட்டை ஒட்டி நுழையுங்கள். கையுறையின் வெளிப்புறத்தைத் தொடாதீர்கள்.

4. அதையும் உள்புறம் வெளியே வருமாறு உரித்தால், முதல் கையுறை இரண்டாவதன் உள்ளே ஒரு பொட்டலம்போல் அடங்கிவிடும். குப்பையில் போட்டுவிட்டுக் கைகளைக் கழுவுங்கள்.

முதல் முயற்சியில் ஒரு துளி நுரைகூடத் தோலில் படாமல் கழற்றுவது அரிது. பத்தாவது முறையில் கை தானே செய்யும். அப்போது அருகில் ஒருவரை நிற்க வைத்துப் பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள். மீண்டும் நுரை படும்! உண்மையான வார்டில் அந்தப் பேச்சும் அவசரமும் எப்போதும் இருக்கும். பயிற்சியிலும் அவை சேர்க்கப்பட வேண்டியது அதனால்தான்.

எபோலா கற்பித்தது: தனியே கழற்றாதே

2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் பரவிய எபோலா நோய் இப்பாடத்தை மேலும் கடுமையாகக் கற்பித்தது. கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளிலும், மற்ற பெரியவர்களைவிடச் சுகாதார ஊழியர்களுக்கு நோய் தொற்றும் வாய்ப்பு 21 முதல் 32 மடங்கு அதிகமாக இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் தெரிவித்தது. 'எல்லையற்ற மருத்துவர்கள்' அமைப்பு பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு போலி எபோலா சிகிச்சை முகாமை அமைத்து, களத்துக்குச் செல்வோர் அதற்குள் முழு உடையோடு நடமாடிப் பழகிய பின்னரே அனுப்பி வைத்தது.

அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், லைபீரியாவிலிருந்து வந்திருந்த எபோலா நோயாளி ஒருவரைக் கவனித்த இரு தாதியருக்கு நோய் தொற்றியது. இருவரும் குணமடைந்தனர். செல்வமும் வசதியும் மிகுந்த நாட்டிலேயே இப்படி நடந்தது உலகைத் திடுக்கிட வைத்தது. அக்டோபர் 20-ஆம் தேதி அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் தன் வழிகாட்டுதலை மாற்றியது. புதிய விதிகள் மூன்றைச் சுருக்கமாகச் சொல்லலாம்: உடை அணிவதிலும் கழற்றுவதிலும் கடுமையான, திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி, தோலின் எப்பகுதியும் வெளியே தெரியாத உடை, ஒவ்வொரு முறையும் அருகில் நின்று மேற்பார்க்கும் ஒரு பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்.

மூன்றாவது விதியே எனக்கு மிகவும் பிடித்தது. களைத்துப்போன கைக்கு இன்னொருவரின் கண் துணை நிற்கிறது. கண்காணிப்பாளர் ஒவ்வொரு படியையும் உரக்கப் படிப்பார். உள்ளே இருந்து வந்தவர் அதை மட்டும் செய்வார். 'எனக்குத் தெரியும்' என்று அவரை முந்திக்கொண்டு போக அனுமதி இல்லை. பெரிய மருத்துவரேயாயினும் இளம் தாதி 'நில்லுங்கள்' என்றால் நிற்க வேண்டும். வயதையும் பதவியையும் மதித்தே வளர்ந்த நமக்கு, மூத்தவரை நிறுத்தச் சொல்வது எளிதன்று. அதற்கும் பயிற்சி தேவைப்படுகிறது. பயிற்சி அறையில் பேராசிரியரை நோக்கி முதன்முதலாக 'நில்லுங்கள்' என்று சொன்னபோது என் குரல் நடுங்கியது. அவர் உடனே நின்று, "நன்றி" என்றார்.

கோவிட்-19: பாவனை ஓர் ஆய்வுக்கூடம்

கோவிட்-19 காலத்தில் பாவனைப் பயிற்சி இன்னொரு முகத்தையும் காட்டியது. அது பயிற்சிக்கூடமாக மட்டுமன்றி ஆய்வுக்கூடமாகவும் விளங்கியது.

சுவாசக் குழாய் செருகும்போது நோயாளி இருமினால் கிருமி தெறிக்கும். அதைத் தடுக்கத் தைவானைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் ஒருவர் 2020-இல், நோயாளியின் தலையை மூடும் ஒளிபுகும் பெட்டி ஒன்றை வடிவமைத்தார். கை நுழைக்க இரு துளைகள் இருக்கும். அமெரிக்காவின் போஸ்டன் நகரில் இதைப் பொம்மையைக் கொண்டு சோதித்தனர். ஒளிரும் சாயம் நிரப்பிய பலூனைப் பொம்மையின் தொண்டையில் வைத்து வெடிக்கச் செய்தனர். பெட்டி இல்லாதபோது மருத்துவரின் கழுத்து, காது, முடி, காலணி வரை சாயம் தெறித்தது. பெட்டி இருந்தபோது கையுறைகளோடும் முன்கைகளோடும் நின்றுவிட்டது. உலகெங்கும் மருத்துவமனைகள் பெட்டிகளைச் செய்யத் தொடங்கின.

அடுத்து ஆஸ்திரேலியாவில் வேறொரு கேள்வியைக் கேட்டனர்: பெட்டி இருந்தால் குழாய் செருகுவது எளிதா, கடினமா? 12 மயக்கவியல் மருத்துவர்கள் பொம்மையில் 36 முறை செய்து பார்த்தனர். பெட்டி இல்லாமல் 43 விநாடி ஆன வேலை, முதல் வகைப் பெட்டியில் 82 விநாடி ஆனது. பெட்டியின் விளிம்பில் உரசி மருத்துவர்களின் பாதுகாப்பு உடையும் சில முறை கிழிந்தது அல்லது விலகியது. உயிர்க்காற்று குறைந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு ஒவ்வொரு விநாடியும் விலைமதிப்பற்றது. 2020 ஆகஸ்டில், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வசதி இல்லாத இத்தகைய பெட்டிகளுக்கு அளித்திருந்த அவசர அனுமதியை அமெரிக்க அரசு திரும்பப் பெற்றது.

முதல் சோதனை பொய்யன்று. அது கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத் தந்தது. இரண்டாவது சோதனை, கேட்க மறந்த கேள்வியைக் கேட்டது. இரண்டும் பொம்மையில் நடந்ததால், பதில் தெரிவதற்காக எந்த நோயாளியும் மூச்சுத் திணற வேண்டியிருக்கவில்லை.

வார்டிலேயே நடத்தப்படும் ஒத்திகைகளும் இப்படித்தான் மறைந்திருக்கும் குறைகளை வெளிக்கொணர்கின்றன. நான் பங்கேற்ற ஓர் ஒத்திகையில், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்த எங்கள் குரல் வெளியே யாருக்கும் கேட்கவில்லை. தேவையான மருந்தின் பெயரைத் தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினோம். மறுவாரமே அந்த அறையில் ஒரு வெண்பலகையும் எழுதுகோலும் வைக்கப்பட்டன. செலவு மிகச் சிறிது. ஆனால் யாரும் அதை மேசையில் அமர்ந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

நாவுக்கும் பயிற்சி வேண்டும்

இதுவரை கையைப் பற்றிப் பேசினேன். நம் தமிழ்ப் பேரவை இதழில் இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் நாக்கு.

மூன்றாம் ஆண்டில் ஒரு பயிற்சியில் நோயாளியாக நடிக்க ஒரு தமிழ் அம்மாள் வந்திருந்தார். வயது எழுபதுக்கு மேல். அவருக்குக் கடும் தொற்றுநோய், தனி அறையில் வைக்கப்போகிறோம், குடும்பத்தார் உள்ளே வர முடியாது என்பதை நான் விளக்க வேண்டும். முகக்கவசம், அதன்மேல் முகத்தடுப்பு. என் கண்கள் மட்டுமே அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். 'ஐசொலேஷன்' என்ற சொல்தான் வந்தது. அவர் புரியாமல் பார்த்தார். 'தனிமைப்படுத்தல்' என்றேன்.

"என்னை ஏம்மா தனியாப் போடுறீங்க? நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று கேட்டார் அவர்.

நடிப்பு என்று தெரிந்தும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் படித்தவள் நான். கட்டுரைப் போட்டிகளில் பரிசும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு பாட்டியிடம், அவர் பயப்படாத வகையில் இந்தச் செய்தியைச் சொல்லும் தமிழ் என்னிடம் இல்லை. அன்று என் ஏட்டுத் தமிழும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

மீண்டும் செய்யச் சொன்னார்கள். இரண்டாம் முறை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தேன். "பாட்டி, நான் பேசறது கேக்குதா?" என்று தொடங்கினேன். "உங்க சளியில இருக்கிற கிருமி மத்தவங்களுக்கு ஒட்டிக்கும். உங்க பேரப்பிள்ளைங்களுக்கு ஒட்டக்கூடாதுன்னுதான் கொஞ்ச நாளைக்குத் தனி ரூம்பு. நீங்க ஒரு தப்பும் பண்ணல. மணி அடிச்சா நான் வருவேன். சாயந்திரம் போன்ல மவன் முகத்தைக் காட்டுறேன்" என்றேன். பிறகு, "நான் சொன்னது என்னன்னு எனக்கு ஒருக்கா சொல்லுங்க பாட்டி" என்று கேட்டேன். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைப்பது, புரிந்ததா என்று அறிய நாங்கள் கற்ற முறை. மருந்தின் அளவைச் சக தாதி திருப்பிச் சொல்வதும் இதே முறைதான். முகக்கவசத்துக்குப் பின்னால் குரல் மங்கும்போது இது உயிர் காக்கும்.

கலந்துரையாடல்: தவற்றுக்கு மரியாதை

பயிற்சி முடிந்ததும் அனைவரும் வட்டமாக அமர்வோம். முதலில் 'எப்படி இருந்தது?' என்று கேட்பார்கள். மனத்தில் இருப்பதை இறக்கி வைத்த பிறகு, 'என்ன நடந்தது? ஏன் அப்படிச் செய்தாய்?' என்ற அலசல். இறுதியில், 'நாளை எதை மாற்றிச் செய்வாய்?'

இங்கே ஒரு கட்டொழுங்கு உண்டு. அறையில் பேசியது அறையோடு இருக்கும். தவறு செய்தவரைக் கேலி செய்வதில்லை. 'ஏன் செய்தாய்' என்பது குற்றச்சாட்டன்று, உண்மையான கேள்வி. என் கழுத்துத் தடத்தை அலசியபோது, காரணம் என் அலட்சியம் மட்டுமன்று, முடியை நான் தொப்பிக்குள் சரியாகச் செருகவில்லை என்பது தெரிந்தது. அன்றிலிருந்து கண்ணாடி முன் நின்று முடியைச் சரிபார்த்த பிறகே உடை அணிகிறேன். 'கவனமாக இரு' என்று நூறு முறை சொல்லியிருந்தாலும் இந்த வழக்கம் வந்திருக்காது.

குறைகளும் உண்டு

பாவனைப் பயிற்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பொம்மை இறந்தால் யாரும் அழுவதில்லை. எனவே உண்மையான அச்சத்தை அது முழுதும் தராது. நல்ல பொம்மைகளின் விலை அதிகம். பெருந்தொற்று உச்சத்தில் இருக்கும்போது ஊழியர்களுக்குப் பயிற்சிக்கு நேரம் இராது. 2020-இல் உலகின் பல இடங்களில் முகக்கவசங்களுக்கே தட்டுப்பாடு. பயிற்சிக்கு எங்கிருந்து எடுப்பது? கற்ற திறனும் பயன்படுத்தாவிட்டால் சில மாதங்களில் மங்கிவிடும். மேலும், உடையும் ஆளும் போதாத வார்டில் பயிற்சியை மட்டும் கொடுத்துவிட்டுப் பொறுப்பு முடிந்தது என்று நிர்வாகம் ஒதுங்கிவிடக்கூடாது.

ஆகவே, பயிற்சி அமைதிக் காலத்திலேயே நடக்க வேண்டும். குறுகியதாகவும் அடிக்கடியும் நடக்க வேண்டும். விலையுயர்ந்த பொம்மை இல்லாவிட்டால் சவர நுரை போதும்.

முடிவுரை

சென்ற மாதம் மீண்டும் அதே அறையில், அதே களிம்போடு உடைகளைக் கழற்றினேன். இம்முறை என் தோழி ஒவ்வொரு படியாக உரக்கப் படித்தாள். விளக்கை அடித்தபோது என்மீது எங்கும் பச்சை இல்லை. அத்தைக்குத் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "நல்லது கண்ணு. அடுத்த மாசமும் செஞ்சு பாரு" என்றார்.

அடுத்த தொற்றுநோய் எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் அது வரும் நாளில் தேவைப்படும் கைகளை இன்றே பழக்கலாம். மருத்துவமும் தாதிமையும் பயிலும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: தேர்வு முடிந்ததும் பாடம் முடிந்தது என்று எண்ணாதீர்கள், கை மறக்கும் முன் மீண்டும் செய்து பாருங்கள். பிற துறை நண்பர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். தமிழ் மட்டுமே பேசும் நோயாளியாக நடிக்க எங்களுக்கு ஆள் தேவை. வீட்டில் பாட்டி தாத்தா பேசும் தமிழை நீங்கள் அறிவீர்கள். ஒரு சனிக்கிழமை காலை எங்கள் பயிற்சி அறைக்கு வந்து கட்டிலில் படுத்து, "என்னை ஏம்மா தனியாப் போடுறீங்க?" என்று கேளுங்கள். நாங்கள் முதலில் தடுமாறுவோம், பிறகு கற்றுக்கொள்வோம். நம் பேரவை ஒரு மருத்துவமனைப் படுக்கை வரை சென்று தமிழ்த் தொண்டு ஆற்ற இதைவிட எளிய வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.